நூற்று நாற்பது

பத்து என்றால் பத்துதான். எட்டில் நிறுத்திவிட்டுப் பத்து என்று சாதிக்கிறவர்களை அவளுக்கு அடியோடு பிடிக்காது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். அவர் கணுக்காலில் ஒரு கிலோ மணல் பையைக் கட்டி, "மெதுவா தூக்குங்க, அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிங்க, அப்புறம் இறக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்கு நகர வேண்டியதுதான், மனுஷர் ஐந்திலிருந்து நேரே எட்டுக்குத் தாவிவிடுவார்.

"ஐயா, ஆறும் ஏழும் எங்க போச்சு?"

"அந்த ஸ்டாப்புல இறங்க ஆள் இல்லம்மா. நிக்காம வந்துட்டேன்."

"பத்துன்னா பத்து. குறைச்சா உங்க முட்டிக்குத்தான் நஷ்டம், எனக்கு ஒண்ணும் இல்ல."

அவர் அலுத்துக்கொண்டே காலைத் தூக்குவார். அவள் விடமாட்டாள். மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில், நான்கு கட்டில்களும், ஒத்தடத்துக்கு மெழுகு உருக்கும் ஒரு தொட்டியும், தோளைச் சுழற்றிப் பழகச் சுவரில் மாட்டிய சக்கரமும் உள்ள அந்தச் சின்ன பிசியோதெரபி கிளினிக்கில் அவளுடைய கறார் பிரசித்தம். அவள் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான் என்பதாலும், வெள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொள்கிறாள் என்பதாலும், எல்லோருக்கும் அவள் 'டாக்டரு'. அப்பா பெருமையோடு அழைப்பார், அம்மா கோபம் வந்தால் அழைப்பாள், மாமா எப்போதுமே அப்படித்தான்.

அந்தப் படிப்புக்குக் கடன் நான்கு லட்சம். படித்து முடித்து வேலைக்கு வந்த ஏழாவது மாதத்திலிருந்து திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மாதா மாதம் ஐந்தாம் தேதி. இந்த முப்பத்தெட்டு மாதத்தில் ஒரு தடவைகூடத் தேதி தவறியதில்லை. மூன்று வருடமாக ஒரே செருப்பை இரண்டு முறை தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள், அது அறுந்திருக்கலாம், தவணை தவறவில்லை. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பேங்கிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் ஒளிகிறார்கள் என்று கேள்விப்படும்போது அவளுக்குள் ஒரு சின்ன கர்வம் எட்டிப் பார்க்கும். அதை நாம் குறை சொல்ல முடியாது. அவளிடம் கர்வப்பட வேறு என்ன இருந்தது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிப்ட் ஓடுகிற சத்தத்தை ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அப்புறம் படி ஏறிப் போகிற ஆள். கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். வாசலிலேயே நின்றார்.

"என்ன மாமா இந்த நேரத்துல? முதுகு பிடிச்சிக்கிச்சா?"

"அதெல்லாம் இல்ல டாக்டரு. ஒரு சின்ன விஷயம். வேலையா இருந்தா அப்புறமா வரேன்."

"உள்ள வாங்க மாமா, என்னமோ வேத்தாள் மாதிரி."

உட்கார்ந்தார். பைலை மடியில் வைத்து அதன் பட்டனைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். விஷயம் மெதுவாக வந்தது. அவருடைய ஒரே மகள், வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடுகிறவள், டாக்டரு படித்த அதே கல்லூரியில் அதே படிப்புக்கு இடம் வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முதல் வருடப் பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்ட வேண்டும். மாமா படிப்புக் கடனுக்காக அவர் வீட்டுப் பக்கத்திலிருக்கும் பேங்குக்குப் போயிருக்கிறார்.

"எல்லாம் சரியாத்தான் போச்சு. சம்பளச் சீட்டு பாத்தாங்க, மார்க் பாத்தாங்க, கை குடுக்காத குறை. கடைசில கம்ப்யூட்டரத் தட்டிட்டு, உங்க பேர்ல ஒரு வாராக்கடன் நிக்குதுங்கறாங்க. நான் வாழ்க்கையில கடனே வாங்குனது இல்லீங்களேன்னேன்." கொஞ்சம் மென்று விழுங்கினார். "அப்புறம்தான் சொன்னாங்க. ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கீங்களேன்னு."

அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டது ஒரே ஒரு கடனுக்குத்தான்.

"என்னோடதா? இருக்கவே இருக்காது மாமா. ஒரு மாசம் விட்டிருப்பேனா?"

"நானும் அதத்தான் சொன்னேன். எங்க டாக்டரு அப்படி விடுற பொண்ணு இல்லீங்கன்னேன். ஏதோ பேர் குழப்பமா இருக்கும். நீ ஒரு நடை போய்க் கேட்டுட்டு வந்துடுறியா? வாலு கிட்ட இன்னும் சொல்லல."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அப்போதே கிளம்பினாள். போகிற வழியெல்லாம் பேங்க்காரனைத் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். எவனோ கவனமில்லாமல் எதையோ தட்டியிருக்கிறான், ஒரு பெண்ணின் படிப்பு கெட இருந்தது, இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது என்று நன்றாகக் கேட்க வேண்டும் என்றிருந்தது.

கடன் பிரிவில் இருந்தவனுக்கு அவள் வயசுதான் இருக்கும். சட்டைக் காலர் ஓரம் நைந்திருந்தது. அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான். கணக்கு எண்ணைத் தட்டினான். பிறகு கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"மேடம், நீங்க கட்டலன்னு யாரும் சொல்லல. மாசா மாசம் கட்டியிருக்கீங்க. குறைச்சுக் கட்டியிருக்கீங்க."

"குறைச்சா? எவ்வளவு?"

"நூத்தி நாப்பது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொத்தமா நூத்தி நாப்பதுக்கா இந்தக் கூத்து?"

"மொத்தமா இல்ல மேடம். மாசத்துக்கு."

தவணை ஆறாயிரத்து நூற்று நாற்பது. கட்டியது ஆறாயிரம். நூற்று நாற்பது குறைந்ததால் அந்த மாதத் தவணை நிறைவு பெறவில்லை. அதனால் அபராதம் ஐந்நூறு. அடுத்த மாதம் அவள் கட்டிய ஆறாயிரம் முதலில் அந்த அபராதத்தை அடைத்தது, பிறகு வட்டியை, மிச்சமிருந்தால்தான் அசலை. ஆக அந்த மாதம் இன்னும் அதிகமாகக் குறைந்தது, அதற்கும் அபராதம். இப்படியே முப்பத்தெட்டு மாதம். ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் கொடுக்கும் சலுகையும் நடுவில் நின்றுபோனது. எல்லாம் கூடிக் கூடி நான்கு தவணைக்கு மேல் பாக்கி என்று ஆனதும், போன மாதம் கம்ப்யூட்டர் அவள் பெயரையும் மாமா பெயரையும் சேர்த்துச் சிவப்பில் காட்டத் தொடங்கிவிட்டது. கடன் இந்நேரம் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் சொச்சத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். மூன்று லட்சத்து முப்பதாயிரத்தில் நின்றது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணியிருக்கோம். மெசேஜும் போயிருக்கு. ரெண்டு நோட்டீஸ் திரும்பி வந்திருக்கு."

திரையில் இருந்தது அப்பாவின் கடை பழைய இடத்தில் இருந்தபோது வைத்திருந்த எண். கடை மாறியபோது அந்த எண்ணும் போயிற்று. விலாசம், இரண்டு வீடுகளுக்கு முன்பு குடியிருந்த வாடகை வீடு. மாற்றித் தர வேண்டும் என்று இவர்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"கவுண்டர்ல வாங்கிக்கிட்டாங்களே. குறையுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஸ்லிப்புல என்ன எழுதியிருக்கோ அத வாங்கி சீல் போடுறதுதான் மேடம் கவுண்டர் வேலை. நூறுன்னு எழுதினாலும் வாங்கிக்குவாங்க."

திட்டுவதற்கு அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஏனென்றால் அந்த நூற்று நாற்பது எங்கே போயிற்று என்று அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

அவள் அப்பா எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். தண்ணீர் மோட்டார், மாவரைக்கிற மோட்டார், மின்விசிறி, எது வந்தாலும் பிரித்து, கருகிய கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி ஓடவிட்டுக் கொடுப்பார். வேலையில் சுத்தம். காசில்தான் தாராளம். ஆயிரத்து இருநூற்று எழுபது என்று சீட்டில் எழுதிவிட்டு, "ரவுண்டா ஆயிரத்தி இருநூறு குடுங்க, போதும்" என்பார். வாடிக்கைக்காரர் மீதி எழுபதுக்குப் பையைத் தடவிக்கொண்டு நின்றால் "அட விடுங்க சார், சில்லறையில என்ன இருக்கு" என்று கையை ஆட்டிவிடுவார். கம்பிக் கடைக்காரரும் இவருக்கு அப்படியே விட்டுக்கொடுப்பார், டீக்கடைக்காரரும் அப்படியே. அவருடைய முப்பது வருட உலகம் ரவுண்டாகவே ஓடியது. அந்த உலகத்தில் சில்லறைக்காக நிற்பது மரியாதைக் குறைவு.

முதல் தவணையைக் கட்ட அப்பாதான் போனார். மகளின் கடனை பேங்கில் நேரே போய்க் கட்டுவதில் அவருக்கு ஒரு கெத்து இருந்தது. போனில் கட்டுவதெல்லாம் அவருக்குக் கட்டியதாகவே தோன்றாது. அவள் ஆறாயிரத்து இருநூறு கொடுத்தனுப்பினாள். அறுபது மீதி வர வேண்டும். இருநூறு திரும்பி வந்தது.

"ரவுண்டா ஆறாயிரம் கட்டிட்டேன்மா. கவுண்டர்ல ஒண்ணும் சொல்லல, டக்குன்னு சீல் குத்திக் குடுத்துட்டாரு."

"அந்த நூத்தி நாப்பது?"

"அத்தன பெரிய பேங்கு, நூத்தி நாப்பதுக்காம்மா மல்லுக்கு நிப்பான்? நானே எத்தன பேருக்கு விடுறேன்."

அவள் அந்த இருநூறை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அன்று அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து அப்பா கேட்காமலே ஆறாயிரமாக எண்ணிக் கொடுத்தாள். நோயாளி இரண்டு எண்ணைத் தாவினால் பிடித்துக்கொள்கிற பெண், முப்பத்தெட்டு மாதம் தன் கையால் நூற்று நாற்பதைத் தாவியிருக்கிறாள். கடன் அவள் பெயரில், கையெழுத்து அவளுடையது, ஒரு தடவை போய் எட்டிப் பார்த்திருக்கலாம். அப்பா மேல் பழியைப் போடலாமா என்று மனசு ஒரு நொடி தேடிப் பார்த்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இப்ப எவ்வளவு கட்டினா சரியாகும்?"

"இருபத்தொன்பதாயிரத்து எழுநூத்தி அறுபது."

"கட்டினா சரியாயிடும்ல?"

"கட்டினா சரியாயிடும் மேடம்."

எப்போது சரியாகும் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சாயங்காலம் அப்பா கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல, எழுந்து போய் அலமாரியிலிருந்து ரசீதுக் கட்டை எடுத்து வந்தார். முப்பத்தெட்டு ரசீதுகள், மாதவாரியாக, செம்புக் கம்பியில் கோத்து வைத்திருந்தார்.

"இத பாரு. ஒண்ணு விடாம சீல் இருக்கு. தேதி இருக்கு. எவன் சொல்றான் கட்டலன்னு?"

"கட்டலன்னு சொல்லலப்பா. குறையுதாம்."

"நூத்தி நாப்பதா?"

"ஆமா."

"அதுக்கு முப்பதாயிரமா?"

"ஆமாப்பா."

அவருக்குப் புரிய வெகு நேரம் பிடித்தது. புரிந்த பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார், எதிலாவது நூற்று நாற்பது ஒளிந்திருக்குமா என்று தேடுவது போல. பிறகு அவற்றைக் கம்பியில் நேராக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் போய்ப் பேசட்டுமா? நான்தான் எழுதினேன், பொண்ணு மேல தப்பு இல்லன்னு சொல்லட்டுமா?"

"யார்கிட்டப்பா சொல்லுவீங்க? கம்ப்யூட்டர்கிட்டயா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

வீட்டில் அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "என் தம்பி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" அன்றைக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் இவர்கள் அலைந்தபோது, எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போட்டவர் அந்தத் தம்பி. படித்துக்கூடப் பார்க்கவில்லை. அம்மா அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். அப்பா சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போல் இருந்திருக்கும்.

புதன்கிழமை மூன்று பேரும் மூன்று பக்கம் ஓடினார்கள். கிளினிக்கின் முதலாளியான எலும்பு டாக்டர் அவளை முக்கால் மணி நேரம் காக்க வைத்து, ஏற இறங்கப் பார்த்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பணத்தின் அருமை தெரிவதில்லை என்று உபதேசம் செய்துவிட்டுப் பத்தாயிரம் முன்பணம் கொடுத்தார். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அம்மா பக்கத்துத் தெருச் சீட்டிலிருந்து பாதியில் விலகி, கழிவு போக எட்டாயிரம் கொண்டுவந்தாள். அப்பா, மழைக்காலத்தில் வேலை குறைந்தால் உதவும் என்று கடையின் பின்புறம் மூட்டை கட்டி வைத்திருந்த பழைய செம்புக் கம்பியை எடைக்குப் போட்டார். பதினோராயிரத்து எண்ணூற்று ஐம்பது வந்தது. பழைய சாமான்காரர் பன்னிரண்டாயிரமாகவே கொடுக்க வந்தாராம், இவர் வேண்டாம் என்று நூற்றைம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவளே ஸ்லிப் எழுதினாள். இருபத்தொன்பதாயிரத்து எழுநூற்று அறுபது. ஒரு சைபர் கூடக் குறையக் கூடாது என்று மூன்று முறை சரி பார்த்தாள். அப்பா பக்கத்தில் நின்று அந்த அறுபதைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். ரசீது வந்ததும் இருவரும் கடன் பிரிவுக்குப் போனார்கள். அப்பா முகத்தில் இரண்டு நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. அவன் ரசீதைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், தலையாட்டினான்.

"பாக்கி தீர்ந்துடுச்சு மேடம். இனி இது ஒழுங்கான கணக்குதான்."

"அப்ப எங்க மாமா பேர் சரியாயிடுச்சா? அவர் நாளைக்கே லோன் வாங்கணும்."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். "அது உடனே ஆகாது மேடம். எல்லா பேங்குக்கும் கடன் விவரம் வச்சிருக்கிற ஆபீசுக்கு நாங்க மாச முடிவுலதான் தகவல் அனுப்புவோம். அங்க ரெக்கார்டு மாறி மத்த பேங்குக்குத் தெரிய நாப்பத்தஞ்சு நாள், சில சமயம் ரெண்டு மாசம் ஆகும்."

"கட்டினா சரியாயிடும்னு சொன்னீங்களே!"

"சரியாயிடும் மேடம். உடனேன்னு நான் சொல்லல."

அப்பா இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றிக் குனிந்தார். "தம்பி, தப்பு என்னோடது. பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. என் மச்சானுக்கு இதுல எந்த சம்பந்தமும் இல்ல. ஒரு பொண்ணு படிப்புங்க. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள. எதாச்சும் பண்ணுங்க தம்பி."

அவன் கையைப் பிசைந்தான். "என் கையில இருந்தா பண்ண மாட்டேனாங்க? எனக்கும் படிப்புக் கடன் இருக்கு. இன்னும் ஆறு வருஷம். இதே பேங்குல. ஒரு தவணை தள்ளிப்போனா எனக்கும் இதே கதைதான்." அதை அவன் தாழ்ந்த குரலில், பக்கத்து மேஜைக்குக் கேட்காமல் சொன்னான். பாக்கி தீர்ந்தது என்று ஒரு கடிதம் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதற்குமேல் அவனால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

அந்தக் கடிதத்தோடு மாமாவும் அவளும் வெள்ளிக்கிழமை காலை மாமாவின் பேங்கில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்த பெண் அதிகாரி மிகவும் மரியாதையானவர். கடிதத்தை முழுக்கப் படித்தார். மடித்து, உறையில் போட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் வர வேண்டும், கடிதம் செல்லாது. வந்ததும் வாங்க, கண்டிப்பாகச் செய்து தருகிறேன் என்றார். மாமா அவருக்கு நன்றி சொன்னார்.

வெளியே வந்ததும் அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்த முப்பதாயிரத்தை பேங்கில் கொட்டாமல் மாமா கையில் கொடுத்திருந்தால் கல்லூரிக் கட்டணத்தில் கால்வாசியாவது ஆகியிருக்கும். மிச்சத்துக்கு மாமா எங்கேயாவது புரட்டியிருப்பாரோ என்னவோ. இப்போது அதுவும் இல்லை. கல்லூரிக்குப் போன் போட்டு இரண்டு நாள் தவணை கேட்டாள். படித்தபோது பாடம் எடுத்தவரிடமே கேட்டாள். காத்திருப்போர் பட்டியலில் அறுபது பேர் இருக்கிறார்கள் அம்மா, நான் என்ன செய்ய என்றார் அவர்.

ஐந்து மணிக்கு அவள் ஒருவரின் உறைந்துபோன தோளைப் பிடித்து மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தாள். எதிரே சுவரில் கடிகாரம். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் கண் அங்கேயே போயிற்று. முள் பன்னிரண்டைத் தொட்டது, தாண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. தோள்காரர் "வலிக்குதும்மா" என்றார். அவள் கை அழுத்திவிட்டிருந்தது.

ஐந்தேகாலுக்கு மாமா கூப்பிட்டார்.

"விடு டாக்டரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். வாலு சின்னப் பொண்ணுதானே, ஒரு வருஷத்துல என்ன ஆகிடப் போகுது."

"என்னைத் திட்டுங்க மாமா."

"எதுக்குத் திட்டணும்? நூத்தி நாப்பதுக்காகவா?"

ஆறுதலாகத்தான் சொன்னார். பின்னாலே வீட்டில் யாரோ கதவை அறைந்து சாத்துகிற சத்தம் கேட்டது. அத்தையாக இருக்கும். அதன் பிறகு அத்தை இவர்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, போனும் செய்யவில்லை. அம்மா செய்தால் மாமாதான் எடுத்தார்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அப்பா ஆறாயிரத்து நூற்று நாற்பதைச் சில்லறையோடு எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனார். கவுண்டரில் இந்தத் தடவை அவரே வாய் விட்டுக் கேட்டார், சரியா இருக்கா பாருங்க என்று. பார்த்தார்கள். நடுவில் நின்றுபோன வட்டிச் சலுகையைக் கணக்கில் எடுத்து இந்த மாதத்திலிருந்து தவணையை ஏற்றியிருந்தார்கள். ஆறாயிரத்து முந்நூற்றுப் பத்து. அப்பாவிடம் வேறு காசு இல்லை. மிச்சத்தை எடுத்துவர வீட்டுக்கும் பேங்குக்குமாக அந்த வெயிலில் இரண்டு நடை நடந்தார். முன்பென்றால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கடையிலும் அவர் மாறிப்போனார். ஆயிரத்து இருநூற்று எழுபது என்றால் எழுபதையும் கேட்டு வாங்கினார். கேட்கும்போது அந்த மனுஷருக்குக் குரல் எழும்பாது. மோட்டாரைப் பார்த்துக்கொண்டு கேட்பார். பதினைந்து வருட வாடிக்கைக்காரர் ஒருவர் எழுபதை எறியாத குறையாக வைத்துவிட்டுப் போனார், மறுபடி வரவில்லை. அவள் பேங்கில் புது எண் எழுதிக் கொடுத்திருந்தாள். 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று தவணைக்கு ஐந்து நாள் முன்னதாகவே மெசேஜ் தவறாமல் வந்தது. நல்ல கவனிப்பு.

கிளினிக்கில் வரவேற்பு மேஜைக்கு ஆள் தேவைப்பட்டது. வாலு தானாகவே வந்து எலும்பு டாக்டரைப் பார்த்து வேலை கேட்டுவிட்டாள். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வீட்ல சும்மா உக்காந்து என்னக்கா பண்றது? இங்கன்னா அடுத்த வருஷத்துக்கு இப்பவே கத்துக்குவேன்ல."

அடுத்த வருஷம் கட்டணம் ஏறும். மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. டாக்டருக்கு இது தெரியும், மாமாவுக்குத் தெரியும், ஏன் வாலுவுக்கும் தெரியும். ஆனால் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. டோக்கன் கொடுத்தாள், மெழுகுத் தொட்டியின் ஸ்விட்சைப் போட்டாள், கட்டில் விரிப்பை மாற்றினாள். கூட்டம் அதிகமான நாட்களில், அக்காவுக்கு உதவியாக, நோயாளிகள் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொன்னாள். எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பஸ் டிரைவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் டாக்டரு தொட்டியருகே ஒருவர் கையில் மெழுகு பூசிக்கொண்டிருந்தாள். பின்னால் கட்டிலிலிருந்து அந்தப் பேச்சுக் கேட்டது.

"எட்டு. அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா. கடைசி ஸ்டாப்பு வந்தாச்சு. எல்லாரும் இறங்கு."

"வரல வரல. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."

"ரெண்டுதானே, விட்டுடேன்."

"விடக் கூடாது ஐயா. இன்னைக்கு ரெண்டு, நாளைக்கு ரெண்டுன்னு அது பாட்டுக்கு சேர்ந்துக்கிட்டே போகும். அப்புறம் எங்க அக்கா நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்திப் பேசத் தெரிந்த பெண்ணும் இல்லை அவள். அக்கா தினமும் சொல்லிக் கேட்டதையே திருப்பிச் சொன்னாள்.

டாக்டரு திரும்பவில்லை. மெழுகு பூசிய கை ஆறிக்கொண்டிருந்தது, அடுத்த பூச்சுப் பூச வேண்டும். அவள் பிரஷ்ஷைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"ஒம்பது" என்றாள் வாலு. "பிடிங்க ஐயா, இறக்காதீங்க. ஒண்ணே ஒண்ணுதான்."